கட்டற்ற இயங்குதளத்தில் கம்பியில்லா ஹெட்செட் ஒலியமைப்பும் தன்னியக்க ஸ்கிரிப்டுகளும்: ஒரு வரலாற்று நோக்கு (2001–2024)

ஆய்வுச் சுருக்கம்

லினக்ஸ் இயங்குதளத்தில் புளூடூத் ஹெட்செட்டை இணைத்து ஒலி கேட்பதற்குப் பயனர்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறு ஸ்கிரிப்டுகளை எழுதி வந்துள்ளனர். இவை பெரும்பாலும் சில வரிகளே கொண்டவை. எழுதியவர் பெயரின்றிக் கைமாறியவை. மென்பொருளின் அடுத்த பதிப்பு வந்ததும் பயனிழந்தவை. ஆயினும் இயங்குதளம் எதைச் செய்யாமல் விட்டது என்பதை இவற்றைப் போல் துல்லியமாகக் காட்டும் சான்று வேறில்லை. புளூஇசட், ஆல்சா, பல்ஸ்ஆடியோ, பைப்வயர் ஆகிய மென்பொருள்களின் வளர்ச்சியோடு இச்ஸ்கிரிப்டுகளை இணைத்து நோக்கி, ஒலி எங்கே செல்ல வேண்டும் என முடிவெடுக்கும் உரிமை பயனரிடமிருந்து இயங்குதளத்திற்குப் படிப்படியாக இடம்பெயர்ந்ததை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், புளூடூத், ஹெட்செட், ஸ்கிரிப்ட், பல்ஸ்ஆடியோ, பைப்வயர், கட்டற்ற மென்பொருள் வரலாறு.

முன்னுரை

கணினி வரலாறு பெரும்பாலும் பெரிய மென்பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. இயங்குதளங்கள், நிரல்மொழிகள், அவற்றை உருவாக்கியோர், வெளிவந்த ஆண்டுகள் ஆகியவை பதிவு பெறுகின்றன. அவற்றைப் பயன்படுத்தியோர் தம் தேவைக்கு எழுதிக்கொண்ட சிறு கட்டளைத் தொகுப்புகள் அவ்வாறு பதிவு பெறுவதில்லை. பெருநூல்கள் ஏடுகளில் நின்றிருக்க, அன்றாடக் கணக்கோலைகள் செல்லரித்துப் போனதை ஒத்த நிலை இது. அன்றாட வாழ்வை அறியக் கணக்கோலைகள் எவ்வளவு தேவையோ, அதே அளவு கணினியின் அன்றாடப் பயன்பாட்டை அறிய ஸ்கிரிப்டுகள் தேவையாகின்றன.

ஸ்கிரிப்ட் என்பது, விசைப்பலகையில் ஒருவர் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்யும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசைப்படுத்தி, ஒரே அழைப்பில் இயங்கச் செய்வதாகும். யூனிக்ஸ் மரபில் இது தொடக்கம் முதலே வேரூன்றியது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொரு நிரலின் உள்ளீடாக்கும் குழாய் முறை 1973-இல் யூனிக்ஸில் இடம்பெற்றது. 1979-இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில் போர்ன் ஷெல் இணைந்தது. குனு திட்டத்திற்காகப் பிரையன் ஃபாக்ஸ் எழுதிய பேஷ் ஷெல் 1989-இல் வெளிவந்தது. லினக்ஸ் வழங்கல்கள் பலவும் இதனையே வழமையான ஷெல்லாக ஏற்றன. எனவே லினக்ஸ் பயனர் ஒருவர் குறையொன்றைக் கண்டால், உருவாக்குநருக்காகக் காத்திராமல், தாமே ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்வது இயல்பான வழக்கமாயிற்று.

கம்பியில்லா ஹெட்செட் இவ்வழக்கத்தை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். கம்பியுள்ள ஹெட்செட்டைச் செருகியவுடன் ஒலி கேட்கிறது. அங்கு முடிவெடுப்பதற்கு ஒன்றுமில்லை. புளூடூத் ஹெட்செட்டில் கருவியைக் கண்டறிதல், இணையாக்கல், நம்பகப் பட்டியலில் சேர்த்தல், இணைத்தல், பயன்முறையைத் தேர்தல், ஒலியை அதன்பால் திருப்புதல் என ஆறு படிகள் உள்ளன. ஒவ்வொரு படியிலும் யாரேனும் ஒருவர் முடிவெடுத்தாக வேண்டும். அந்த ஒருவர் யார் என்ற வினாவே இவ்வரலாற்றின் மையம்.

1. இரு தனி மரபுகள்

லினக்ஸின் ஒலி மரபும் புளூடூத் மரபும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காகத் தோன்றியவை. ஃபின்லாந்தின் ஹன்னு சவலைனன் 1990-களின் தொடக்கத்தில் சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைக்காக எழுதிய இயக்கி, பின்னர் ஓஎஸ்எஸ் என்னும் ஒலி அமைப்பாக வளர்ந்தது. செக் நாட்டின் யாரோஸ்லாவ் கைசெலா 1998-இல் தொடங்கிய ஆல்சா திட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. 2003 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் ஆல்சா முதன்மை ஒலியமைப்பாக அமைந்தது. இவ்விரண்டும் கணினிக்குள் நிலையாகப் பொருத்தப்பட்ட ஒலி அட்டையை மனத்திற்கொண்டு வடிவமைக்கப்பட்டவை. பயன்பாட்டின் நடுவே தோன்றி மறையும் ஒலிக்கருவி அவற்றின் கற்பனைக்குள் முழுமையாக அடங்கவில்லை.

புளூடூத், சுவீடனின் லுண்ட் நகரில் எரிக்சன் நிறுவனத்தில் 1994-இல் தொடங்கிய ஆய்வின் விளைவாகும். யாப் ஹார்ட்சென், ஸ்வென் மாட்டிசன் ஆகியோர் அதில் முதன்மைப் பங்காற்றினர். 1998-இல் எரிக்சன், இன்டெல், நோக்கியா, ஐபிஎம், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் சேர்ந்து புளூடூத் தரநிலைக் குழுவை அமைத்தன. 10-ஆம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டின் அடைமொழியே இத்தொழில்நுட்பத்தின் பெயராயிற்று. முதற்பதிப்பு 1999-இல் வெளிவந்தது.

இத்தரநிலை செல்பேசியை மையமாகக் கொண்டது என்பது நோக்கத்தக்கது. அதன் குரல் இணைப்பு, நொடிக்கு 8,000 மாதிரிகள், ஒரே தடம், ஒவ்வொரு திசையிலும் நொடிக்கு 64 கிலோபிட் என்ற அளவில் அமைந்தது. தொலைபேசி உரையாடலுக்கு அது போதுமானது, இசைக்குப் போதாது. இசைக்கென ஏ2டிபி என்னும் தனிப் பயன்முறை 2003-இல் வரையறுக்கப்பட்டது. அது இரு தடங்களில் தரமான ஒலியை அனுப்பும். ஆனால் ஒரு திசையில் மட்டுமே அனுப்பும். எனவே ஒரே ஹெட்செட் இரு முகங்கள் கொண்டதாயிற்று. இசை கேட்க ஒரு முகம். பேச மற்றொரு முகம். ஒலிவாங்கியை இயக்கினால் இசையின் தரம் தாழும். இசையின் தரத்தைக் காத்தால் ஒலிவாங்கி இயங்காது. செல்பேசியில் அழைப்பு வருவதும் முடிவதும் தெளிவான நிகழ்வுகள் ஆதலால் முகமாற்றம் சிக்கலின்றி நிகழ்ந்தது. பல நிரல்கள் ஒருங்கே இயங்கும் மேசைக் கணினியில் அத்தகைய தெளிவில்லை. பின்னாளில் எழுந்த ஸ்கிரிப்டுகளுள் பெரும்பாலானவற்றுக்கு இக்கட்டமைப்பு முரணே மூலகாரணம் எனலாம்.

2. கைப்பட எழுதிய காலம்: 2001–2007

குவால்காம் நிறுவனத்தில் பணியாற்றிய மேக்ஸ் கிராஸ்னியான்ஸ்கி உருவாக்கிய புளூஇசட் 2001-இல் ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் வெளிவந்த 2.4.6 கெர்னலில் அது இடம்பெற்றது. இதனால் லினக்ஸ் கணினி புளூடூத் கருவிகளோடு பேச முடிந்தது. ஆனால் அப்பேச்சு ஒலியமைப்பின் செவிக்கு எட்டவில்லை. புளூஇசட் ஒருபுறமும் ஆல்சா மறுபுறமும் இருக்க, இரண்டையும் இணைக்கும் பாலம் இல்லாதிருந்தது.

பிடிஎஸ்கோ என்னும் தன்னார்வ முயற்சி அப்பாலத்தைக் கட்ட முனைந்தது. அது ஒரு கெர்னல் கூறும் ஒரு சிறு நிரலும் கொண்டது. பயனர் முதலில் அக்கூற்றை ஏற்றுதல் வேண்டும். பின்னர் ஹெட்செட்டின் பன்னிரு இலக்க முகவரியைத் தேடிக் கண்டறிதல் வேண்டும். அதன்பின் அந்நிரலை அம்முகவரியோடு இயக்குதல் வேண்டும். அப்போது ஆல்சாவில் புதிய ஒலி அட்டை ஒன்று தோன்றும். இசைப் பயன்முறைக்கு வேறு நிரல்கள் தேவைப்பட்டன. புளூஇசட்டின் மூன்றாம் தலைமுறைப் பதிப்புகளில் ஒலிச் சேவை சேர்ந்த பின்னரும், பயனர் தம் இல்லக் கோப்புறையில் உள்ள ஆல்சா அமைவுக் கோப்பில் ஹெட்செட்டின் முகவரியைக் கைப்பட எழுத வேண்டியிருந்தது.

இக்காலத்தில் ஸ்கிரிப்ட் நினைவின் பதிலியாகப் பயன்பட்டது. ஒவ்வொரு முறையும் ஐந்தாறு கட்டளைகளை நினைவிலிருந்து தட்டச்சு செய்வதற்கு மாற்றாக, அவற்றை ஒரு கோப்பில் எழுதிவைத்தனர். முகவரி அக்கோப்பிலேயே பதிந்திருந்தமையால், ஒருவரின் ஸ்கிரிப்ட் மற்றொருவருக்கு அப்படியே பயன்படாது. எடுத்துக்கொண்டவர் முகவரியை மாற்றியாக வேண்டும். அவ்வாறு மாற்றும்போது வேறு சில வரிகளும் மாறின. ஏட்டைப் படியெடுப்போரிடம் பாடவேறுபாடு தோன்றுவதைப் போல, ஒரே ஸ்கிரிப்ட் பல வடிவங்களில் பரவியது.

மேலும் ஒரு வரம்பு இருந்தது. ஆல்சாவில் ஒரு நிரல் தொடங்கும்போதே ஒலிக்கருவியைத் தேர்ந்துவிடும். இடையில் ஹெட்செட் இணைந்தாலும் ஒலி அதற்கு மாறாது. நிரலை மூடி மீண்டும் திறக்க வேண்டும். எவ்வளவு திறமையாக எழுதப்பட்ட ஸ்கிரிப்டாலும் இவ்வரம்பைக் கடக்க இயலவில்லை. அடித்தளத்தில் இல்லாத ஆற்றலை மேற்தளக் கட்டளைகள் படைக்க முடியாது என்பதற்கு இது சான்றாகும்.

3. ஒலிச் சேவையகத்தின் வருகை: 2004–2012

லெனார்ட் பொட்டரிங் 2004-இல் தொடங்கிய பாலிப்ஆடியோ என்னும் ஒலிச் சேவையகம் 2006-இல் பல்ஸ்ஆடியோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. 2007 நவம்பரில் வெளிவந்த ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 8.04 ஆகியவை அதனை வழமையான ஒலியமைப்பாக ஏற்றன. நிரல்களுக்கும் கருவிகளுக்கும் இடையில் நின்று ஒலியோடைகளைப் பங்கிடுவது அதன் பணி. ஓடிக்கொண்டிருக்கும் ஒலியோடையை ஒரு கருவியிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்தும் ஆற்றல் இதனால் கிடைத்தது. 2009-இல் புளூடூத் ஒலிக்கான நேரடி ஆதரவும் அதில் சேர்ந்தது.

இம்மாற்றம் ஸ்கிரிப்டுகளின் தன்மையையும் மாற்றியது. அமைவுக் கோப்புகளை எழுதும் தேவை குறைந்தது; இயங்கிக்கொண்டிருக்கும் சேவையகத்திற்குக் கட்டளையிடும் முறை வந்தது. பேக்டிஎல், பேக்சிஎம்டி என்னும் இரு கட்டளைக் கருவிகள் இதற்குப் பயன்பட்டன. ஹெட்செட்டை இசைப் பயன்முறைக்கு மாற்றுக, அதனை முதன்மை ஒலிப்போக்காக அமைக்க, ஓடும் ஒலிகளை அதன்பால் நகர்த்துக என மூன்று கட்டளைகள் பல ஸ்கிரிப்டுகளின் பொது உடலாக அமைந்தன. நினைவின் பதிலியாக இருந்த ஸ்கிரிப்ட் இப்போது முடிவெடுக்கும் முகவராயிற்று.

யூனிக்ஸ் சார்ந்த வடிவமைப்பில் பொறிமுறையையும் கொள்கையையும் பிரித்து வைக்கும் மரபு உண்டு. எப்படிச் செய்வது என்பது பொறிமுறை. எதை, எப்போது செய்வது என்பது கொள்கை. பல்ஸ்ஆடியோ பொறிமுறையை நிறைவாகத் தந்தது. புதிதாக இணைந்த கருவிக்கு ஒலியைத் திருப்பும் கூறு ஒன்றும் அதில் இருந்தது. ஆயினும் அது பல இடங்களில் வழமையாக இயக்கப்படவில்லை. கொள்கையின் வெற்றிடத்தைப் பயனரின் ஸ்கிரிப்டே நிரப்பியது.

4. 2012-ஆம் ஆண்டின் பிளவு

2012 டிசம்பரில் வெளிவந்த புளூஇசட் 5.0 இவ்வரலாற்றின் திருப்புமுனையாகும். அப்பதிப்பில் ஆல்சாவுடனான நேரடி இணைப்பு நீக்கப்பட்டது. ஹெட்செட்டின் பேச்சுப் பயன்முறைகளும் புளூஇசட்டிலிருந்து விலக்கப்பட்டன. தொலைபேசிப் பணிகள் தொலைபேசி மென்பொருளுக்கே உரியவை என்பது இதன் பின்னிருந்த கருத்து. அவற்றை 2009-இல் நோக்கியாவும் இன்டெல்லும் அறிவித்த ஓஃபோனோ என்னும் மென்பொருள் கவனித்துக்கொள்ளும் என எதிர்பார்க்கப்பட்டது.

கட்டமைப்பு நோக்கில் இம்முடிவு செம்மையானது. பயன்பாட்டு நோக்கில் இடரானது. சிம் அட்டையே இல்லாத மேசைக் கணினியில் ஹெட்செட்டின் ஒலிவாங்கி இயங்கத் தொலைபேசி மென்பொருள் ஒன்று நிறுவப்பட வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. 2014 மார்ச்சில் வெளிவந்த பல்ஸ்ஆடியோ 5.0 புதிய புளூஇசட்டை ஆதரித்தபோது, இசைப் பயன்முறைக்கே முதலில் வழி கிட்டியது. ஓஃபோனோ இன்றி இயங்கும் எளிய பேச்சுப் பயன்முறை 2015-இல் வெளிவந்த 6.0 பதிப்பில்தான் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய பதிப்பையே பிடித்து வைத்திருத்தல், ஓஃபோனோவை வலிந்து பொருத்துதல், ஒலிவாங்கியைத் துறத்தல் ஆகிய மூன்று வழிகளே பயனர்க்கு எஞ்சின.

நீக்கப்பட்ட ஆல்சா இணைப்பை வேறு வடிவில் மீட்க எழுந்ததே புளூஆல்சா என்னும் தனித் திட்டம். பல்ஸ்ஆடியோவின் எடையை விரும்பாத சிறு கணினிப் பயனர்கள் பலர் அதனை நாடினர். ஒரு மென்பொருள் தன் எல்லையைச் சுருக்கிக்கொள்ளும்போது, விடுபட்ட நிலத்தில் புதிய குடியிருப்புகள் தோன்றுவது கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படுவதாகும்.

5. ஸ்கிரிப்டின் உள்ளமைப்பு: காத்திருப்பும் உரிமையும்

2012-க்குப் பிந்தைய ஸ்கிரிப்டுகளில் மூன்று சிக்கல்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன.

முதலாவது, உரையாடல் சிக்கல். புளூஇசட் 5 உடன் வந்த புளூடூத்சிடிஎல் என்னும் கருவி மனிதரோடு வினாவிடை நடத்துமாறு அமைந்தது. ஸ்கிரிப்ட் அதனை இயக்க, மனிதர் தட்டச்சு செய்வதுபோல் நடிக்க வேண்டியிருந்தது. இதற்கு, 1990-இல் டான் லைப்ஸ் உருவாக்கிய எக்ஸ்பெக்ட் என்னும் கருவி மீண்டும் கைகொடுத்தது. பிற்காலப் பதிப்புகள் கட்டளைகளை ஒரே வரியில் ஏற்றமையால் இச்சிக்கல் தணிந்தது.

இரண்டாவது, காலச் சிக்கல். இணை என்ற கட்டளை முடிந்தவுடன் ஹெட்செட் ஒலிக்கருவியாகத் தோன்றிவிடுவதில்லை. புளூஇசட் இணைப்பை நிறைவு செய்து, ஒலிச் சேவையகம் அதனை அறிந்து, கருவியைப் பதிவு செய்யச் சில நொடிகள் ஆகும். எனவே ஸ்கிரிப்டின் நடுவில் ‘ஐந்து நொடி காத்திரு’ என்ற வரி இடம்பெற்றது. விரைவான கணினியில் இக்காத்திருப்பு வீண். மெதுவான கணினியில் இது போதாது. செம்மையான தீர்வு, டி-பஸ் என்னும் செய்திப் பாதையில் இணைப்பு நிகழ்ந்ததற்கான அறிவிப்பை எதிர்நோக்கி நிற்பதாகும். அதற்குப் பைத்தான் போன்ற மொழியில் நிரல் எழுதும் பயிற்சி தேவை. ஆதலால் நொடிக் கணக்கே பெருவழக்காக நிலைத்தது.

மூன்றாவது, உரிமைச் சிக்கல். ஹெட்செட் இணையும்போது தானாக ஸ்கிரிப்டை இயக்க யூடெவ் விதிகள் பயன்பட்டன. அவ்விதிகள் கணினி நிர்வாகியின் உரிமையில் இயங்குபவை. பல்ஸ்ஆடியோவோ ஒவ்வொரு பயனரின் அமர்வுக்குள் தனித்தனியே இயங்குவது. நிர்வாகி அனுப்பிய கட்டளை பயனரின் ஒலிச் சேவையகத்தை அடையவில்லை. அனைத்து அதிகாரமும் உடைய நிர்வாகிக்கு ஓர் அறையின் வாயில் எங்குள்ளது என்பது மட்டும் தெரியாத நிலை இது. பயனரின் பெயரையும் அவரது அமர்வுக் கோப்புறையின் பாதையையும் ஸ்கிரிப்டில் வெளிப்படையாக எழுதியே இதனைக் கடந்தனர். சிஸ்டம்டி வழங்கிய பயனர் நிலைச் சேவைகள் பின்னர் இதற்கு நேரிய வழியாயின.

இச்சிக்கலின் மறுவடிவம் உள்நுழைவுத் திரையில் தோன்றியது. குனோம் உள்நுழைவுத் திரை தனக்கென ஒரு பல்ஸ்ஆடியோவை இயக்கியது. அது ஹெட்செட்டின் இசைப் பயன்முறையை முந்திக் கைப்பற்றிக்கொண்டால், உள்நுழைந்த பயனருக்கு அது கிட்டாது. உள்நுழைவுத் திரையின் ஒலிச் சேவையகத்தில் புளூடூத் கூறுகளை முடக்குவதே இதற்கான மாற்றாகக் கையாளப்பட்டது.

இவற்றோடு பாதுகாப்புச் சிக்கலும் கருதத்தக்கது. மனிதர் குறுக்கீடின்றி இணையாக்க, ‘உள்ளீடும் இல்லை, வெளியீடும் இல்லை’ என அறிவிக்கும் இணையாக்க முகவரைச் சில ஸ்கிரிப்டுகள் அமைத்தன. அவ்வாறு செய்தால் எண்ணைச் சரிபார்க்கும் படி விடுபடும். இடையில் நின்று ஏமாற்றும் கருவிக்கு எதிரான காப்பும் அதனோடு விடுபடும். எல்லாவற்றையும் தன்னியக்கமாக்குவது நன்மையே என்ற எண்ணத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. ஆறு படிகளுள் இணையாக்கல் ஒன்று மட்டும் மனிதரின் கண்முன் நிகழ வேண்டியதாகும்.

6. ஒரு பெயரின் மூன்று வடிவங்கள்

ஸ்கிரிப்டுகள் குறுகிய ஆயுள் பெற்றமைக்குப் பெயர் மாற்றம் ஒரு முக்கியக் காரணம். பல்ஸ்ஆடியோவின் பழைய புளூடூத் கூற்றில் இசைப் பயன்முறையின் பெயர் ‘ஏ2டிபி’ என்பதே. புளூஇசட் 5-க்கான கூற்றில் அது ‘சிங்க்’ என்னும் பின்னொட்டைப் பெற்றது. இரு பகுதிகளுக்கும் இடையில் அடிக்கோடு இடம்பெற்றது. பைப்வயரில் அவ்வடிக்கோடு இணைப்புக்குறியாக மாறியது. மனிதர் கண்ணுக்கு மூன்றும் ஒன்றே. கணினிக்கு மூன்றும் வேறு.

கட்டளை பிழையானால் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் நின்றுவிடுவதில்லை; அடுத்த வரிக்குச் செல்கிறது. ஹெட்செட் இணைந்திருக்கும், ஒலியும் வரும், ஆனால் தாழ்ந்த தரத்தில் வரும். காரணம் ஒரே ஒரு குறியில் இருப்பதைப் பயனர் எளிதில் அறிய இயலாது. பேக்சிஎம்டி கட்டளையைப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளின் நிலை இதனினும் கடிது. பைப்வயர், பேக்டிஎல்லின் கட்டளைகளை ஏற்றது, பேக்சிஎம்டியை ஏற்கவில்லை. எனவே ஒரே நோக்கத்திற்காக எழுதப்பட்ட இரு ஸ்கிரிப்டுகளுள் ஒன்று பிழைத்தது, மற்றொன்று மடிந்தது.

இப்பெயர் வடிவங்கள் ஆய்வாளர்க்குக் காலக் கணிப்பின் கருவியாகவும் பயன்படும். நாளிடப்படாத ஸ்கிரிப்ட் ஒன்றில் பின்னொட்டற்ற பெயர் காணப்பட்டால் அது புளூஇசட் 4 காலத்தது எனவும், அடிக்கோடு காணப்பட்டால் 2014-க்குப் பிந்தியது எனவும், இணைப்புக்குறி காணப்பட்டால் பைப்வயர் காலத்தது எனவும் துணியலாம். கல்வெட்டில் எழுத்தின் வடிவம் காலத்தைக் காட்டுவது போன்றது இது.

7. கொள்கை இயங்குதளத்திற்குள் நுழைதல்: 2021–2024

ஜிஸ்ட்ரீமரை உருவாக்கியோருள் ஒருவரான விம் டேமன்ஸ், ரெட் ஹாட் நிறுவனத்தில் பணியாற்றியபோது உருவாக்கிய பைப்வயர் 2017-இல் அறிவிக்கப்பட்டது. முதலில் நிகழ்படத்திற்காகத் தொடங்கிய அம்முயற்சி பின்னர் ஒலியையும் உள்ளடக்கியது. 2021 ஏப்ரலில் வெளிவந்த ஃபெடோரா 34 அதனை வழமையான ஒலியமைப்பாக ஏற்றது. 2022 அக்டோபரில் வெளிவந்த உபுண்டு 22.10 அதனைப் பின்பற்றியது. 2023 நவம்பரில் பைப்வயர் 1.0 வெளிவந்தது.

பைப்வயரில் பொறிமுறையும் கொள்கையும் வெளிப்படையாகவே பிரிக்கப்பட்டன. கொள்கையைக் கவனிக்கக் கொலபோரா நிறுவனம் வயர்பிளம்பர் என்னும் அமர்வு மேலாளரை உருவாக்கியது. அதன் முடிவுகள் லுவா மொழியில் எழுதப்பட்ட ஸ்கிரிப்டுகளாகவே அமைந்துள்ளன என்பது இங்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1993-இல் பிறந்த சிறுமொழி லுவா. ஒரு நிரல் ஒலிவாங்கியைக் கேட்டால் ஹெட்செட்டைப் பேச்சுப் பயன்முறைக்கு மாற்றி, அது விலகியதும் இசைப் பயன்முறைக்கு மீட்கும் ஸ்கிரிப்ட் ஒன்று வயர்பிளம்பரிலேயே இடம்பெற்றுள்ளது. பயனர்கள் தனித்தனியே எழுதிக்கொண்ட அதே செயல், பொதுச் சொத்தாக இயங்குதளத்திற்குள் நுழைந்தது.

இதனை வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் முழுமையாகாது. பயனர் எழுதிய ஸ்கிரிப்ட் அவர் அழைத்தபோது இயங்கியது. இயங்குதளத்தின் ஸ்கிரிப்ட் தானே இயங்குகிறது. உலவி ஒன்று ஒலிவாங்கியைத் திறந்தால், இசையின் தரம் முன்னறிவிப்பின்றித் தாழ்கிறது. மேசையில் வேறு ஒலிவாங்கி வைத்திருப்போர்க்கு இம்மாற்றம் தேவையற்றது. எனவே புதிய வகை ஸ்கிரிப்டுகள் தோன்றின. முன்னர் தன்னியக்கத்தை உருவாக்க எழுதினர். இப்போது தன்னியக்கத்தை நிறுத்த எழுதுகின்றனர். 2024 மார்ச்சில் வெளிவந்த வயர்பிளம்பர் 0.5, அமைவுக் கோப்புகளை லுவாவிலிருந்து ஜேசன் சார்ந்த வடிவத்திற்கு மாற்றியது. இதனால் அவ்வகை அமைவுகளும் மீண்டும் திருத்தி எழுதப்பட வேண்டியவையாயின.

8. ஒலியே திரையாக இருப்போர்

இதுவரை கூறியவை வசதி பற்றிய சிக்கல்களாகத் தோன்றலாம். பார்வையற்ற பயனர் நிலையிலிருந்து நோக்கினால் இதன் எடை விளங்கும். ஓர்கா போன்ற திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோர்க்கு ஒலியே திரை. ஹெட்செட் இணைந்தும் ஒலி ஒலிபெருக்கிக்குச் சென்றால், பொது இடத்தில் அவரது தனிச்செய்தி உரக்க வாசிக்கப்படும். ஒலி எங்கும் செல்லாவிடில், அதனைச் சீர்செய்யும் வழியும் அடைபடும். சீர்செய்வதற்கான பட்டியலை வாசிப்பதும் அதே ஒலிதான்.

பல்ஸ்ஆடியோ பயனர் அமர்வுக்குள் இயங்குவது என்ற வடிவமைப்பு இவர்களை நேரடியாகப் பாதித்தது. எழுத்துத் திரையில் இயங்கும் ஸ்பீக்அப் வாசிப்பானின் குரல் இணைப்பு, கணினிச் சேவையாக, யாரும் உள்நுழையும் முன்னரே இயங்க வேண்டியது. ஒலிச் சேவையகமோ உள்நுழைந்த பின்னரே எழுவது. கடவுச்சொல் தட்டச்சு செய்யும் நேரத்தில் குரல் வேண்டும். குரலுக்குக் கடவுச்சொல் வேண்டும். தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பேசவல்ல ஈஸ்பீக் என்ஜி போன்ற கட்டற்ற குரல் மென்பொருள் கையில் இருந்தும், அக்குரல் செவியை அடையும் வழி இத்தகைய இடைவெளிகளால் தடைப்பட்டது.

இப்பயனர்க்கு, உள்நுழைந்தவுடன் ஹெட்செட்டை இணைத்து, ஒலியைத் திருப்பி, இணைந்தது என ஒரு குறியொலி எழுப்பும் ஸ்கிரிப்ட் வசதிப்பொருள் அன்று. கணினிக்குள் நுழையும் கதவு. ஒரு குறி மாறியதால் அது இயங்காமற் போனால், வேறொருவர் துணையின்றி அவர் மீள இயலாமற் போகலாம். மென்பொருள் உருவாக்குநர் பெயர்களை மாற்றும்போது யார் பாதிக்கப்படுவர் என்ற வினா இங்கு அறம் சார்ந்த வினாவாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன புலனாகின்றன.

ஹெட்செட் ஸ்கிரிப்டுகளின் வரலாறு மூன்று கட்டங்களைக் கொண்டது. பாலம் இல்லாத காலத்தில் ஸ்கிரிப்ட் நினைவின் பதிலியாக விளங்கியது. பல்ஸ்ஆடியோ காலத்தில் முடிவெடுக்கும் முகவராக விளங்கியது. பைப்வயர் காலத்தில் இயங்குதளத்தின் உறுப்பாகவும், அதே வேளையில் இயங்குதளத்தின் முடிவை மறுக்கும் குரலாகவும் விளங்குகிறது.

இசைக்கும் பேச்சுக்கும் இடையிலான முரண் புளூடூத் தரநிலையில் பிறந்தது. ஸ்கிரிப்டுகள் அதனை மறைத்தனவேயன்றித் தீர்க்கவில்லை. 2020-இல் அறிவிக்கப்பட்டு 2022-இல் விவரக்குறிப்புகள் நிறைவெய்திய எல்இ ஆடியோ, எல்சி3 என்னும் புதிய குறியாக்க முறையின் துணையோடு அம்முரணை வேரிலேயே களைய முற்படுகிறது. ஆயினும் பழைய ஹெட்செட்டுகள் புழக்கத்தில் உள்ளவரை பழைய முரணும் தொடரும்.

மென்பொருளின் மூலநிரல் களஞ்சியங்களில் பாதுகாக்கப்படுகிறது. பயனரின் ஸ்கிரிப்டுக்கு அத்தகைய காப்பு இல்லை. களஞ்சியம் இயங்குதளம் என்ன செய்தது என்பதைச் சொல்லும். அது எதைச் செய்யத் தவறியது, அத்தவற்றை யார் எவ்வாறு சுமந்தனர் என்பதைச் ஸ்கிரிப்டுகளே சொல்லும். ஒலி எங்கே செல்ல வேண்டும் என்னும் முடிவு இயங்குதளத்தின் கைக்குச் சென்றிருக்கும் இந்நாளில், அம்முடிவை மாற்றும் வழி எளியதாகவும் நிலையானதாகவும் இருத்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் தேவை. அந்நிலைபேறு ஒலியையே திரையாகக் கொண்டோர்க்கு மிகவும் இன்றியமையாதது.